கோஷ்டி மாறினால் குடி முழுகிப் போகுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஒரகடத்தில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு காலி மனை. யாரோ வீடு கட்ட வாங்கிப் போட்ட இடம். நான்கு மூலையிலும் எல்லைக் கல் நட்டிருக்கிறது. நடுவில் மூன்று குச்சிகள். அதுதான் விக்கெட்.

இரவு ஷிப்டு முடிந்து வந்த வாலிபர்கள் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சேலத்துப் பையன் பந்து வீசுகிறான். விழுப்புரத்துப் பையன் மட்டை பிடிக்கிறான். தென்காசிப் பையன் முட்புதருக்குள் போன பந்தைத் தேடுகிறான். ஒரு ரூமில் ஆறு பேர் தங்கி, வாரம் முழுவதும் இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்பவர்கள். தூக்கத்தை விட்டுவிட்டு டென்னிஸ் பந்தைத் துரத்துகிறார்கள்.

பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் நம்மைப் பத்திரிகைக்காரர் என்று தெரிந்துகொண்டதும், டீயை வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? என் பையன் நல்லா வேகமாப் பந்து போடுவான். மெட்ராஸ்ல ஒரு கிளப்புல சேத்துக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் ஆடினான். இப்ப அவனைக் கொடுத்துட்டு வேற ஒரு பையனை எடுத்துக்கிட்டாங்களாம். மூணு நாளா சரியாச் சோறு தின்னல. இனிமே அவன் ஆட்டம் அவ்வளவுதானா?"

சட்டென்று பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பையனுக்குப் பத்தொன்பது வயது. உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. அவனுடைய எதிர்காலத்தைப் பற்றி ஒரு தாய் கேட்கிறாள். "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அது பதில் ஆகுமா?

ஆகவே ஊர் திரும்பியதும் உட்கார்ந்து யோசித்தோம். கைமாற்றப்பட்ட ஒரு பந்து வீச்சாளனின் எதிர்காலத்தை எதை வைத்து மதிப்பிடுவது? யோசித்ததை இங்கே எழுதுகிறோம்.

ஆட்களைக் கைமாற்றும் வழக்கம்

அந்தக் காலத்தில் ஆட்டக்காரர் என்றால் ஊருக்காக ஆடுவார். சென்னைக்காரர் சென்னைக்கு, பம்பாய்க்காரர் பம்பாய்க்கு. 2008-ல் ஐ.பி.எல். பந்தயம் வந்தபிறகு நிலைமை மாறியது. ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். ஒரு கோஷ்டிக்கும் இன்னொரு கோஷ்டிக்கும் ஒத்துப்போனால் நேராகவே கைமாற்றிக்கொள்கிறார்கள். 2025 நவம்பரில் சென்னைக் கோஷ்டி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. அன்று தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் சாப்பாடு இறங்கவில்லை என்பது வாசகர்களுக்கே தெரியும்.

ஜடேஜா பெயர் பெற்றவர். எங்கே போனாலும் அவர் ஜடேஜாதான். அவருக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. இன்னும் பெயர் எடுக்காத பையன்களின் கதைதான் கஷ்டம். கைமாற்றியதும் ஊரார் இரண்டே கேள்வி கேட்கிறார்கள். "ஏன் விட்டுவிட்டார்கள்?" "என்ன விலை கொடுத்தார்கள்?" விலை ஏறினால் பையன் கெட்டிக்காரன். விலை இறங்கினால் பையன் போனான். இதுதான் ஊர்த் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தப்பு என்பதற்கு இரண்டு தமிழ்நாட்டு வாலிபர்களே சாட்சி.

மூன்று கோடியும் நாற்பது லட்சமும்

சேலம் மாவட்டத்தில் சின்னப்பம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே 1991-ல் பிறந்தவர் தங்கராசு நடராஜன். தகப்பனார் விசைத்தறித் தொழிலாளி. தாயார் ரோட்டோரத்தில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். இருபது வயது வரையில் அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்பவர் பையனின் திறமையைக் கண்டு, சென்னைக்கு அழைத்துவந்து, கிளப்பில் சேர்த்துவிட்டார். பின்னாளில் நடராஜன் தம் சட்டையில் அவருடைய பெயரின் முதல் எழுத்துக்களையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். நன்றி மறவாத பிள்ளை!

2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக முதல் ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே இடி விழுந்தது. கையை மடக்கி எறிகிறார், பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் எழுந்தது. பந்து வீசும்போது முழங்கை நிமிர்வதற்கு ஒரு கணக்கு உண்டு. 15 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. போனால் அது வீச்சு அல்ல, எறி. நடராஜன் ஒதுங்கினார். ஏறக்குறைய ஒரு வருஷம், அரிச்சுவடி படிப்பதுபோல், கையை எப்படிச் சுழற்றுவது என்று மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

2016-ல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியது. திண்டுக்கல் கோஷ்டிக்கு ஆடினார். மட்டை பிடிப்பவரின் காலடியிலேயே போய் விழும் 'யார்க்கர்' பந்தை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். 2017 பிப்ரவரி ஏலத்தில் ரூ.10 லட்சம் என்று தொடங்கிய அவர் விலை ரூ.3 கோடிக்கு ஏறியது. வாங்கியது பஞ்சாப் கோஷ்டி.

ஆனால் நடந்தது என்ன? ஆறு ஆட்டம். இரண்டே விக்கெட். அடுத்த ஆண்டு பஞ்சாப் கைகழுவிவிட்டது. 2018-ல் ஐதராபாத் கோஷ்டி ரூ.40 லட்சத்துக்கு எடுத்தது. மூன்று கோடி எங்கே, நாற்பது லட்சம் எங்கே! அத்தோடு போகவில்லை. 2018-ல் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2019-லும் இல்லை. இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்த இரண்டு வருஷத்தில் யாராவது, "இந்தப் பையன் இந்தியாவுக்கு ஆடுவான்" என்று சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம்.

2020 பந்தயம் ஐக்கிய அரபு நாட்டில் நடந்தது. நடராஜனுக்கு வாய்ப்பு வந்தது. பதினாறு ஆட்டம், பதினாறு விக்கெட். நவம்பர் 6-ந் தேதி, தோற்றால் வெளியே போக வேண்டிய ஆட்டத்தில், டி வில்லியர்ஸின் நடுக்குச்சியை ஒரு யார்க்கரில் பெயர்த்தார். உலகத்தில் அந்தப் பந்தைத் தடுத்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணலாம்.

வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. போய்ப் பார்க்க முடியவில்லை. அங்கிருந்து நேரே ஆஸ்திரேலியாவுக்கு, வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்காக அழைத்துப் போனார்கள். அடுத்து, காயம் பட்ட மற்றவர்களின் இடத்தில் ஆட வேண்டியதாயிற்று. 2020 டிசம்பர் 2-ந் தேதி கான்பராவில் ஒருநாள் ஆட்டம். டிசம்பர் 4-ந் தேதி அதே ஊரில் இருபது ஓவர் ஆட்டம், மூன்று விக்கெட். 2021 ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேனில் டெஸ்டு, முதல் இன்னிங்சிலேயே மூன்று விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயர் சின்னப்பம்பட்டிக்காரருக்குக் கிடைத்தது. ஊர் திரும்பியபோது ரதத்தில் வைத்து அழைத்துப் போனார்கள்.

மூன்று கோடி என்றபோது இரண்டு விக்கெட் எடுத்தவர், நாற்பது லட்சம் என்றபோது உலகப் புகழ் பெற்றார். விலைக்கும் திறமைக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்!

வீட்டு வரைபடம் போட்டவர்

இரண்டாவது சாட்சி வருண் சக்ரவர்த்தி. இவர் காட்டாங்கொளத்தூரில் கட்டடக் கலை படித்தவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெகு தூரம் இல்லை. படிப்பு முடிந்து வீட்டு வரைபடம் போடும் வேலையும் பார்த்தார். வேலையை விட்டுவிட்டு மறுபடி கிரிக்கெட்டுக்கு வந்தார். வேகப்பந்து வீசினார். முழங்காலில் அடி பட்டது. சரி, வேகம் இல்லாவிட்டால் சுழல் என்று மாறினார். 2018-ல் மதுரைக் கோஷ்டி தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் வெற்றி பெற்றபோது இவர் பந்தை யாராலும் படிக்க முடியவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில் ரூ.20 லட்சத்தில் தொடங்கி ரூ.8 கோடியே 40 லட்சத்துக்குப் போனார். வாங்கியது அதே பஞ்சாப். ஆடியது ஒரே ஓர் ஆட்டம். காயம். விட்டுவிட்டார்கள். கொல்கத்தா ரூ.4 கோடிக்கு எடுத்தது. பாதிக்கும் குறைந்த விலை.

2020-ல் கொல்கத்தாவுக்காகப் பதினேழு விக்கெட் எடுத்தார். 2021 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடி ஒரு விக்கெட்டும் கிடைக்காமல், மூன்று வருஷம் இந்தியக் கோஷ்டிக்கு வெளியே நின்றார். 2024-ல் திரும்பி வந்தார். 2025 மார்ச் 2-ந் தேதி துபாயில் நியூசிலாந்தை எதிர்த்து ஐந்து விக்கெட். அந்தச் சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றது.

இந்த இரண்டு பேரையும் வாங்கிவிட்டுப் பிறகு விட்டது ஒரே கோஷ்டி. அதனால் அந்தக் கோஷ்டிக்காரர்கள் முட்டாள்கள் என்று சொல்லலாமா? கூடாது. ஒருவருக்கு அங்கே விக்கெட் விழவில்லை. ஒருவருக்குக் காயம். கோஷ்டிக்கு அந்த வருஷம் ஜெயிக்க வேண்டிய அவசரம். மரம் வைத்தவனுக்குப் பசி. பழம் பழுக்கும்வரை காத்திருக்க முடியவில்லை. இதில் மரத்தின் குற்றம் என்ன?

அமெரிக்காவில் நடந்த கதை

ஆட்களைக் கைமாற்றுவதில் அமெரிக்காவுக்குப் பழக்கம் அதிகம். அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. அங்கேயும் ஒருவர் பந்தை எறிகிறார். இன்னொருவர் தடியால் அடிக்கிறார். நம் விக்கெட்டுக்கு விக்கெட் 66 அடி. அங்கே எறிபவர் நிற்கும் இடத்திலிருந்து அறுபதரை அடி. அங்கே முழங்கையை மடக்கி எறியலாம். பந்து தரையில் குத்தாமல் நேரே போகும்.

அந்த எறிகாரர்களில் இளம் பையன்களைச் சின்னக் கோஷ்டிகளில் போட்டு வளர்ப்பார்கள். நாற்றங்காலில் நாற்று வளர்ப்பது போல. பெரிய கோஷ்டிக்கு அவசரமாக ஒரு தேர்ந்த ஆள் தேவைப்பட்டால், இந்த நாற்றைக் கொடுத்து அந்த ஆளை வாங்கிக்கொள்வார்கள்.

டெட்ராயிட் நகரம் நம் ஒரகடம் போல மோட்டார் தொழிலுக்குப் பேர்போன இடம். அந்த நகரத்துக் கோஷ்டி 1987 ஆகஸ்டில் ஒரு காரியம் செய்தது. ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டு, டாயில் அலெக்சாண்டர் என்ற முப்பத்தாறு வயது அனுபவசாலியை வாங்கியது. ஸ்மோல்ட்ஸ் அந்த வருஷம் சின்னக் கோஷ்டியில் நான்கு வெற்றி, பத்துத் தோல்வி. பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சிறு வயது முதல் டெட்ராயிட் கோஷ்டியையே உயிராக நினைத்து வளர்ந்தவர் அந்தப் பையன். அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

அலெக்சாண்டர் வந்தார். அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. "பார்த்தீர்களா, நாங்கள் செய்தது சரி" என்று டெட்ராயிட்காரர்கள் மார் தட்டினார்கள். அந்த வருஷத்துக் கணக்குப்படி அது சரிதான்.

ஆனால் ஸ்மோல்ட்ஸ்? அட்லாண்டாவில் பொறுமையோடு வளர்த்தார்கள். 213 வெற்றி பெற்றார். முடிகிற தறுவாயில் இறங்கி ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்த தடவைகள் 154. பேஸ்பால் மேதைகளின் மண்டபத்தில் 2015-ல் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

அதே 2015-ல் அதே மண்டபத்தில் இடம் பெற்ற இன்னொருவர் பெட்ரோ மார்ட்டினெஸ். இவரை 1993-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டி மாண்ட்ரியாலுக்குக் கொடுத்துவிட்டது. "உருவம் சிறியது, நீண்ட நாள் தாங்காது" என்பது அப்போதைய சந்தேகம். அந்தச் சிறிய உருவம் ஆண்டின் தலைசிறந்த எறிகாரர் என்ற விருதை மூன்று தடவை வாங்கியது.

எல்லாரும் ஜெயிப்பதில்லை

நல்ல கதைகளை மட்டும் சொல்லி வாசகர்களை ஏமாற்ற நமக்கு விருப்பம் இல்லை. கைமாறியவர்கள் எல்லாரும் நடராஜன் ஆவதில்லை. பெரும்பாலோர் ஆவதில்லை என்பதே உண்மை.

2008-ல் இந்தியாவில் பேஸ்பால் எறிபவர்களைத் தேடி ஒரு போட்டி நடத்தினார்கள். ஈட்டி எறியப் பழகிய ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேச வாலிபர்கள் தேர்வானார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் கோஷ்டி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. பேஸ்பால் தொழில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்களே. அவர்கள் கதை 2014-ல் சினிமாவாகவும் வந்தது. இசை நம் ஏ.ஆர்.ரகுமான். ஆனால் பெரிய கோஷ்டியில் இருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. தினேஷ் ஊர் திரும்பினார். ரிங்குவுக்குக் கையில் அடி. அவர் பிற்பாடு மல்யுத்தத்துக்குப் போய் வேறொரு பெயர் எடுத்தார்.

நடராஜனுக்கும் மேடு பள்ளம் முடியவில்லை. 2021-ல் முழங்காலில் ஆபரேஷன். 2024-ல் ஐதராபாத்துக்காகப் பத்தொன்பது விக்கெட் எடுத்தார். அந்த நவம்பர் ஏலத்தில் டில்லி கோஷ்டி ரூ.10 கோடியே 75 லட்சம் கொடுத்தது. ஆனால் 2025-ல் அவருக்குக் கிடைத்த ஆட்டங்கள் சொற்பம். விலை இறங்கியபோது திறமை இறங்கவில்லை. விலை ஏறியபோது வாய்ப்பு ஏறவில்லை.

நான்கு கேள்விகள்

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? பெற்றோருக்குப் பயன்படும்படி நான்கு கேள்விகளைச் சொல்கிறோம்.

முதல் கேள்வி: ஏன் மாற்றினார்கள்? கோஷ்டியில் இடது கை வேகப்பந்துக்காரர் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தால் மூன்றாவது ஆளை விடுவார்கள். அது பையனின் குறை அல்ல. ஒழுங்காகப் பயிற்சிக்கு வரவில்லை என்று விட்டிருந்தால் அது குறை. இரண்டும் ஒன்று அல்ல. காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது: புதிய இடத்தில் கைக்குப் பந்து வருமா? பெரிய பெயருள்ள கிளப்பில் தண்ணீர்ப் பாட்டில் தூக்குவதைவிட, சின்ன கிளப்பில் வாரா வாரம் பத்து ஓவர் போடுவது மேல். நடராஜன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலும் தமிழ்நாட்டு ஆட்டங்களும் வலைப் பயிற்சியும் இருந்தன. கை சும்மா இருக்கவில்லை.

மூன்றாவது: உடம்பு எப்படி? வேகப்பந்து வீசுவது முதுகுக்குப் பெரிய பாரம். வளரும் பையன்களுக்கு முதுகெலும்பில் விரிசல் விழுவது உலகம் முழுவதும் உண்டு. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, தூங்காமல், சூடு பண்ணிக்கொள்ளாமல் ஓடி வந்து பந்து போடுவது நல்லதல்ல. முதுகு வலி என்று பையன் சொன்னால் எண்ணெய் தடவி அனுப்பிவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். பந்து வீசும் முறை சரியா என்றும் ஆரம்பத்திலேயே தெரிந்தவரிடம் காட்டிவிட வேண்டும்.

நான்காவது: மாறிப்போன ஆறு மாதத்தில் புதிதாக என்ன கற்றுக்கொண்டான்? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. நடராஜன் கையைச் சுழற்றும் முறையையே மாற்றினார். வருண் வேகத்தை விட்டுச் சுழலுக்கு வந்தார். போன இடத்திலும் பழையதையே போட்டுக்கொண்டு, பழைய கோஷ்டியைத் திட்டிக்கொண்டிருப்பவனுக்கு எந்தக் கோஷ்டியும் உதவாது.

கேட்க வேண்டியவர் வெறும் ரசிகராக இருக்கக் கூடாது, விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. சென்னையில் 1987-ல் எம்.ஆர்.எப். நிறுவனம் வேகப்பந்துப் பயிற்சிக் கூடம் தொடங்கியது. ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி பயிற்சி கொடுத்தார். வேகப்பந்துக்காரர் ஆக வேண்டும் என்று பம்பாயிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வந்தான். "தம்பி, உனக்கு மட்டைதான்" என்ற கருத்தில் லில்லி திருப்பி அனுப்பினார். அந்தப் பையன் சச்சின் டெண்டுல்கர். வேண்டாம் என்று சொன்னதும் சில சமயம் வாழ்வு கொடுக்கும்!

ஸ்ரீபெரும்புதூருக்குத் தெரிந்த பாடம்

இது கிரிக்கெட்டுப் பாடம் மட்டும் அல்ல. ஸ்ரீபெரும்புதூர் மண்ணுக்கு இது நன்றாகத் தெரியும்.

இந்த ஊரில் பிறந்த ராமானுஜர் இளமையில் காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார். குருவுக்கும் சீடருக்கும் ஒத்துப்போகவில்லை, பிரிய நேர்ந்தது. அந்தக் குருவே பிற்காலத்தில் இந்தச் சீடருக்குச் சீடரானார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறும்.

நம் காலத்துக்கு வருவோம். 2006-ல் நோக்கியா கம்பெனி இங்கே கைப்பேசி ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை. அவர்களில் பெரும் பகுதி கிராமத்துப் பெண்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அன்று கேட்டவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இனிமேல் அவ்வளவுதானா?" பல குடும்பங்கள் பட்ட கஷ்டம் சொல்லி முடியாது. அதை நாம் சிறிதாக்கிப் பேச மாட்டோம். ஆனால் இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரத்தில், உலகம் முழுவதும் போகிற கைப்பேசிகள் தயாராகின்றன. ஆலையைப் பூட்டலாம், கை கற்ற வேலையைப் பூட்ட முடியாது.

ஒப்பந்தம் முடிந்து ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போகும் ஒவ்வொரு வாலிபனும் கைமாறிய பந்து வீச்சாளனைப் போன்றவன்தான். ஊருக்குப் போன் போட்டு, "வேலை மாறிவிட்டது" என்று சொல்லும்போது, மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. அந்தப் பெருமூச்சு அவனை உடைத்துவிடும். "அங்கே என்ன கற்றுக்கொள்ளலாம்?" என்று கேட்கும் வீடு அவனை நிமிர்த்திவிடும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

கிளப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பையனைக் கொடுப்பதும் எடுப்பதும் உங்கள் உரிமை. அதை ஒரு வரிச் செய்தியாகக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். கூப்பிட்டு உட்கார வைத்து, இன்ன காரணம் என்று சொல்லுங்கள். "இதைத் திருத்திக்கொள், அதை வளர்த்துக்கொள்" என்று சொல்லி அனுப்புங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு டீ போதும்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் சென்னைக் கம்பெனிகளும் வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து வளர்த்தன. இந்தியா சிமெண்ட்ஸ், கெம்பிளாஸ்ட், எம்.ஆர்.எப். போன்றவை கிரிக்கெட்டுக்குச் செய்ததைத் தமிழ்நாடு மறக்காது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாராகிறது. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் எல்லாம் தயாராகின்றன. இத்தனை பெரிய தொழில் வட்டாரத்தில் இந்தப் பையன்கள் ஏன் எல்லைக் கற்களுக்கு நடுவே ஆட வேண்டும்? நாளைக்கு அந்த மனையில் வீடு வந்துவிடும். கம்பெனிகள் சேர்ந்து இரண்டு மூன்று நல்ல மைதானங்கள் அமைக்கலாம். ஒரு பயிற்சியாளரை வைக்கலாம். பந்தயம் உள்ள நாளில் ஷிப்டை மாற்றிக் கொடுக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அந்தச் சலுகை வேண்டும். சின்னப்பம்பட்டியில் நடராஜன் தம் பெயரில் ஒரு மைதானமே அமைத்திருக்கிறார். 2023-ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். விசைத்தறித் தொழிலாளியின் மகன் செய்ததைப் பெரிய கம்பெனிகள் செய்ய முடியாதா?

பெற்றோருக்கும் ஒன்று. பையனுக்காக வட்டிக்கு வாங்கி ஆயிரக்கணக்கில் செலவு செய்யாதீர்கள். "ஐ.பி.எல்.லில் சேர்த்துவிடுகிறேன், பணம் கொடு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். திறமைக்கு விலை கொடுப்பார்கள். திறமையிடம் விலை கேட்கிறவன் ஏமாற்றுக்காரன். கைத்தொழிலையும் விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஆட்டம் நின்றால் காலை ஊன்ற ஒரு தரை வேண்டும். வருணுக்கு அவர் படித்த படிப்பு அப்படி ஒரு தரை.

அந்த அம்மாளுக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒரகடம் போனோம். கடைக்கார அம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நாம் சொன்னோம்:

"அம்மா, உங்க பையன் பெரிய ஆளா வருவானான்னு எங்களுக்குச் சொல்லத் தெரியாது. அவனைக் கொடுத்தவங்களுக்கும் தெரியாது, எடுத்தவங்களுக்கும் தெரியாது. ஆனா கோஷ்டி மாறினதுனால மட்டும் அவன் ஆட்டம் முடிஞ்சு போகல. இது நிச்சயம். ஒரு வருஷம் கொடுங்க. வேலையையும் பாக்கட்டும், பந்தையும் போடட்டும். புதுசா என்ன கத்துக்கிட்டேன்னு வாரா வாரம் கேளுங்க."

அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு காலி மனையைக் காட்டினார். மெலிந்து உயர்ந்த ஒரு பையன் ஓடி வந்துகொண்டிருந்தான். பந்து மட்டைக்காரனின் காலடியில் குத்தி, நடுக்குச்சி எகிறியது.

"இந்த வாரம்தான் கத்துக்கிட்டான் தம்பி. புதுக் கிளப்புல யாரோ ஒரு பெரியவரு சொல்லிக் கொடுத்தாராம்" என்றார்.

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.